சரோஜாவின் மாமரம் மேட்டுக்கு வந்த விவரம்

உத்தனப்பள்ளி,
துன்முகி வருஷம் ஆடி 20 (4-8-56)

சௌபாக்கியவதி சரோஜாவுக்கு அப்பா திம்மராயன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உன் அம்மாவும் உன் தம்பி முனிவேலும், போன வாரம் ஈன்ற எருமையும் அதன் கன்றும்கூட சுகமாக இருக்கிறோம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும், பிறந்து ஆறே நாளான சின்ன அம்மாளும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒன்று விடாமல் எழுது, நீ எழுத வேண்டாம், படுத்தபடி சொல்லு, மாப்பிள்ளை எழுதட்டும். குழந்தை மூன்று வாரம் முந்திக்கொண்டதில் எங்கள் ஏற்பாடெல்லாம் தலைகீழாகிவிட்டது. பிரசவத்துக்குப் பத்து நாள் முன்பாவது உன் அம்மாவைக் கரக்பூரில் கொண்டுவந்து விட்டுவிடலாம் என்றிருந்தேன், பேத்தி யாரையும் கேட்காமல் வந்துவிட்டாள். நம் வீட்டுப் பிடிவாதம் அவளுக்கும் இருக்கிறது என்று இப்போதே தெரிகிறது. மாப்பிள்ளை அடித்த தந்தி திங்கட்கிழமை கிடைத்தது. அந்தத் தந்தியைப் பற்றி அவரிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது, அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நீ பத்திய சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு, பூண்டு நாற்றம் பிடிக்கவில்லை என்று தள்ளி வைக்காதே, பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே.

உனக்கு எட்டு மாதமாக ஒரு விஷயத்தை மறைத்திருக்கிறேன் சரோஜா. எழுதிய கார்டிலெல்லாம் மரம் நன்றாக இருக்கிறது என்று எழுதினேன், அதில் பாதி பொய். உன் மல்கோவா மரம் நின்ற இடத்தில் இப்போது இல்லை. பதறாதே, வெட்டவில்லை. போன கார்த்திகையில் ராயக்கோட்டை ரோட்டை நேராக்கப் போகிறோம் என்று சர்க்கார் ஆட்கள் வந்து நம் கீழ்க்காட்டில் வெள்ளைக் கல் நட்டார்கள். இரண்டு கல்லுக்கு நடுவில் சரியாக உன் மரம். ஓவர்சியர் நல்ல மனுஷன்தான், பெரியவரே, நிலத்துக்கும் மரத்துக்கும் சேர்த்தே பணம் கொடுத்துவிடுவோம், நீங்களே வெட்டி விறகை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் சொன்னேன், ஐயா, நிலம் என்னுடையது, ரோடு எல்லோருக்கும் வேண்டியது, எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மரம் என்னுடையது இல்லை, அது என் பெண்ணுடையது, அவள் வங்காளத்தில் இருக்கிறாள், அவள் பொருளைக் கொடுக்க நான் யார். அவர் சிரித்தார். நம் வீட்டு வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும். பெண்ணுக்கு நிலம் எழுதுவதில்லை, கல்யாணத்தன்று ஒரு மரத்தைத் தாரை வார்த்துக் கொடுக்கிறோம், மண் தம்பியுடையது, அதில் நிற்பதும் காய்ப்பதும் அக்காளுடையது. ஐந்து பேர் பார்க்க உன் கையில் நான் தண்ணீர் விட்டது நினைவிருக்கிறதல்லவா. உன் தம்பி இருக்கிறானே, அவன் மீசை முளைத்த வேகத்தில் புத்தியும் முளைத்துவிட்டதாக நினைக்கிறான், அக்காவுக்கு வேற ஒட்டுக்கன்னு வெச்சிக் குடுத்துட்டாப் போவுது, இதுக்கு ஏம்ப்பா இத்தன ஆர்ப்பாட்டம் என்றான். அப்போது எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதினால் காகிதம் கருகிவிடும். நான் கொடுத்தது ஒரு மரம் இல்லையடா, இந்த மரம் என்றேன். அது போய்விட்டால் இந்த ஊரில் உன் பேர் சொல்ல ஒரு குச்சி கிடையாது, நீ வந்தாலும் விருந்தாளியாக வந்து விருந்தாளியாகப் போகவேண்டியதுதான். அதற்கு நான் உயிரோடு இருக்கையில் சம்மதிக்கமாட்டேன் என்று முடிவு செய்தேன். மரத்தை எங்கள் கிணற்று மேட்டுக்குப் பெயர்த்துக்கொண்டு போகிறேன், ஆனி முடிய தவணை கொடுங்கள் என்று ஓவர்சியரைக் கேட்டேன். மரம் என்ன பானையா, ஒரு அடுப்பிலிருந்து இன்னொரு அடுப்பில் வைக்க என்று கேட்டார். தூக்கித்தான் பார்க்கலாமே என்றேன். தவணை கொடுத்தார்.

ஓசூரில் கோவிந்தப்பன் என்று ஒருவன் இருக்கிறான், பெங்களூர்ப் பக்கம் பெரிய தோட்டங்களில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன், தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் பேசுவான். மூன்று முறை பஸ் ஏறிப் போய் அவனைக் கையோடு கூட்டி வந்தேன். அவன் மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினான், இருபது வயசு மரமானால் என்ன, பெயர்க்கலாம், ஆனால் அவசரப்பட்டால் செத்துவிடும் என்றான். அவன் சொன்ன முறை இது. ஒரே நாளில் தோண்டி எடுக்கக்கூடாது. அடிமரத்திலிருந்து நாலு முழம் தள்ளித் தை மாதத்தில் பாதி வட்டத்துக்கு மட்டும் பள்ளம் எடுத்து, குறுக்கே வருகிற வேர்களை ரம்பத்தால் சீராக அறுத்து, மக்கின இலையும் ஆற்று மணலும் போட்டு மூடிவிட வேண்டும். அந்தப் பக்கம் தலைமயிர் மாதிரிப் புது வேர் விடும். இரண்டு மாதம் விட்டு மறு பாதி. ஆனியில் காய் இறங்கி முதல் மழை பெய்ததும், அந்தப் புது வேரும் மண்ணும் சேர்ந்த உருண்டையோடு தூக்க வேண்டும். தூக்குவதற்கு முன்னால் கிளையிலும் இலையிலும் பாதியைக் கழித்துவிட வேண்டும். இந்தக் கடைசி வார்த்தையை அவன் மூன்று தரம் சொன்னான். தையில் முதல் பாதியை நானும் முனிவேலும் அறுத்து மூடினோம், ஒரு இலைகூட வாடவில்லை, எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மாசியில் உன் கடிதம் வந்தது, நீ முழுகாமல் இருக்கிறாய் என்று. வீட்டில் பாயசம் வைத்தோம். அடுத்த மாதமே இரண்டாவது கடிதம், உதிரம் பட்டது, ரயில் ஏறவே கூடாது, படுக்கையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். அன்றைக்கு உன் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். பொண்ணு வயித்துல புள்ள இருக்கும்போது அவ மரத்துல கத்தி வெப்பீங்களா, உங்க நெஞ்சு என்ன கருங்கல்லா என்று கேட்டாள். சூலி இருக்கிற வீட்டில் காய்க்கிற மரத்தை வெட்டக்கூடாது என்பது எல்லோரும் சொல்கிறதுதான். ஆனால் அவள் தாய் வீட்டில் இன்னும் ஒன்று சொல்வார்களாம், கிளையை வெட்டினால் பிறக்கிற பிள்ளைக்குக் கையோ விரலோ குறையுமாம். இதெல்லாம் கட்டுக்கதை என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டேனே தவிர, பங்குனியில் மறு பாதி வேரை அறுக்கும்போது நான் ரம்பத்தைத் தொடவில்லை, கிருஷ்ணகிரிப் பக்கம் கல் குவாரியில் வேலை செய்கிற ஆஞ்சப்பனைக் கூப்பிட்டு அவன் ஆட்களை அறுக்கச் சொன்னேன். வேர் மண்ணுக்குள்ளே இருக்கிறது, அதைக் கத்தி வைத்ததாகச் சொல்லமுடியாது, அதுவும் நாம் வைக்கவில்லை என்று உன் அம்மாவைச் சமாதானம் செய்தேன். சாமியை ஏமாற்றுவதற்கு எவ்வளவு சட்டம் படிக்க வேண்டியிருக்கிறது பார். ஆனால் கிளையில் கை வைக்கமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கும் பயம் சரோஜா. அதை அன்று வீட்டில் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

ஆனி பத்தாம் தேதி மரத்தை எடுத்தோம். ஆஞ்சப்பன் பத்து ஆள் உயரக் கல் தூணை மலையிலிருந்து இறக்கி ரோடு சேர்க்கிறவன், அவனுக்கு இது ஒரு பாரம், அவ்வளவுதான். அடிமரத்தில் கிழக்குப் பக்கம் நான் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன், புது இடத்திலும் அந்தப் பக்கம் கிழக்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயில் படாத பட்டை வெயிலில் வெடித்துவிடும் என்று கோவிந்தப்பன் சொல்லியிருந்தான். மண் மட்டத்தில் இன்னொரு கோடு, அதற்கு மேல் ஒரு விரல்கூடப் புதைக்கக்கூடாது. வேர் உருண்டையை ஈரச் சாக்கால் சுற்றி வைக்கோல் பிரியால் குறுக்கும் நெடுக்கும் கட்டினார்கள். பள்ளத்தின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டி, அடியில் பலகை செருகி, உருளைக்கட்டை போட்டுச் சங்கிலி மாட்டி எட்டு ஜோடி மாட்டைப் பூட்டினோம். பின்னால் உருண்டுபோன கட்டையை எடுத்து முன்னால் போட மட்டும் நாலு பேர். கிணற்று மேடு எவ்வளவு தூரம், நீ சின்ன வயதில் ஒரே ஓட்டமாக ஓடுவாய், அதற்கு விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரை ஆயிற்று. வாய்க்கால் கரையில் பலகை ஒரு பக்கம் சாய்ந்து உருண்டையில் விரிசல் விட்டது. மண் உதிர ஆரம்பித்ததும் ஆஞ்சப்பன், மாட்ட நிறுத்து, ஒருத்தனும் அசையாத என்று போட்ட சத்தத்தில் பறவையெல்லாம் பறந்துவிட்டது. உன் அம்மா வீட்டுக்கு ஓடி, பெட்டியில் வைத்திருந்த இரண்டு நூல் சேலையைக் கொண்டுவந்து, தண்ணீரில் நனைத்து, அவளே மண்டியிட்டு விரிசலைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டுவது போல இருந்தது. மரம் மேட்டில் போய் நின்றபோது கிழக்குக் கோடு கிழக்கே இருந்தது. ஊரே கைதட்டியது. பச்சைக் குடையாக அத்தனை இலையோடும் நின்றது உன் மரம், நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

முறுக்கின மீசை ஆறு நாள்தான் தாங்கியது. ஏழாம் நாள் இலையெல்லாம் தொங்கிப்போயிற்று. உன் அம்மா கிணற்றுக்கும் மரத்துக்கும் குடம் குடமாக நடந்தாள், ஊற்றினதெல்லாம் சேறாக நின்றது, இலை மட்டும் சுருண்டு ஓரம் கருகிக்கொண்டே வந்தது. கோவிந்தப்பன் அதுவரை காய்ச்சலாகப் படுத்திருந்தான், நாங்கள் மரம் எடுத்தபோது அவன் வரவில்லை. ஆனி இருபத்திரண்டாம் தேதி எழுந்து வந்து பார்த்தவன் தலையில் அடித்துக்கொண்டான். அய்யோ தேவுடா, கால வெட்டிட்டுத் தலச்சுமைய எறக்காம வுட்டுட்டியே திம்மராயப்பா என்றான். இருக்கற வேரு ஒரு கைப்புடி, அது குடிக்கிற தண்ணி இத்தன இலைக்கு எப்பிடிப் பத்தும், இன்னிக்கே பாதியக் கழிச்சா பொழைக்கும், நாளைக்கின்னா என்னக் கூப்புடாத, வெறகு பொளக்கறவனக் கூப்புட்டுக்கோ என்றான். நான் ஏணியைச் சாத்தி ரம்பத்தோடு ஏறினேன். ஏறினவன் முதல் கிளையில் ரம்பத்தை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். என் கண்ணுக்குக் கிளை தெரியவில்லை, நீ கரக்பூரில் படுத்திருக்கிறதுதான் தெரிந்தது. முனிவேலைப் பார்த்தேன், அவன் தலையைக் குனிந்துகொண்டான், ஒட்டுக்கன்று வைக்கலாம் என்றவனும் அக்கா மரத்தில் கத்தி வைக்கத் துணியவில்லை. ஆஞ்சப்பன் மெதுவாக நழுவிப் போய் வாய்க்கால் ஓரம் நின்றான். வெட்டினாலும் உனக்கு ஆகாது, வெட்டாவிட்டால் நீ சூலியாக இருக்கும்போது உன் பேரில் உள்ள மரம் பட்டுப்போகும், அது அதைவிடக் கேடு. அப்போதுதான் உன் அம்மா, எறங்குங்க கீழ என்றாள். இறங்கினேன். ரம்பத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவள வயித்துல சொமந்தவ நான், வர்றது எதுவா இருந்தாலும் எங்கிட்ட வரட்டும், வேற யாரும் இத்தத் தொடவேணாம் என்றாள்.

முட்டி வலி என்று மாட்டுத் தொட்டிக்குக்கூடக் குனிய மாட்டாளே, அவள் ஏணியில் ஏறினாள். கோவிந்தப்பன் கீழேயிருந்து கழியால் காட்டக் காட்ட ஒவ்வொரு கிளையாக அறுத்தாள். ஒவ்வொரு கிளைக்கும் ரம்பத்தை வைக்கும் முன், மாரம்மா, பாத்துக்கோ, வெட்டறது நான், செல்வம்மா, சரோஜா இல்ல, அவ வூட்டுக்காரன் இல்ல என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வைத்தாள். உச்சி வெயிலில் ஆரம்பித்தவள் மாடு திரும்புகிற நேரத்துக்குத்தான் இறங்கினாள். கை இரண்டும் கொப்புளம். அறுத்த இடத்துக்கெல்லாம் சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்பினோம், அடிமரத்தில் வைக்கோல் பிரி சுற்றி அதன்மேலும் மண் பூசினோம், காற்றில் ஆடாமல் மூன்று பக்கம் மூங்கில் முட்டுக் கொடுத்தோம். குடம் குடமாக ஊற்றுவதை நிறுத்தி, அடியில் ஓட்டை போட்ட பானைகளைச் சுற்றிலும் புதைத்துத் துளித் துளியாக விட்டோம். மரம் இறகு பிடுங்கின கோழி மாதிரி நின்றது. எதிர்வீட்டு ரங்கம்மா தண்ணீருக்கு வந்தவள், பொண்ணு மாசமா இருக்கும்போது அவ மரத்த மொட்டையடிச்சிட்டாளே, இவளும் ஒரு தாயா என்று காது கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள். உன் அம்மா அறுத்த கிளைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவள் யாருக்காவது பதில் பேசாமல் விட்டு நீ பார்த்திருக்கிறாயா. அன்றிலிருந்து ஒரு வேளைதான் சாப்பிட்டாள். தபால்காரன் வருகிற நேரத்துக்கு வீட்டில் இருக்கமாட்டாள், மரத்தடிக்குப் போய்விடுவாள்.

இனி தந்தி. திங்கட்கிழமை நண்பகலில் காக்கிச் சட்டை போட்டவன் சைக்கிளில் வந்து தந்தி என்றான். நம் ஊரில் தந்தி என்றால் என்னவென்று மாப்பிள்ளைக்குத் தெரியாதா. யாராவது நல்ல சேதிக்குத் தந்தி அடித்து இந்த ஊர் பார்த்ததில்லை. இங்கிலீஷில் இருந்தது, எங்களுக்கு யார் படிப்பது. முனிவேல் அதைப் பிடுங்கிக்கொண்டு பள்ளிக்கூட வாத்தியாரிடம் ஓடினான். உன் அம்மா மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள், சைக்கிளைப் பார்த்துவிட்டாள். அழவில்லை. தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், கொப்புளம் காய்ந்து தழும்பாகியிருந்தது. முனிவேல் திரும்பி வந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை, அந்த நேரத்தில் நான் அவனை அடித்திருப்பேன். பொண்ணு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க என்று சொன்னதும் உன் அம்மா எழுந்து போய் மரத்தைக் கட்டிக்கொண்டு, பூசின மண்ணெல்லாம் முகத்தில் ஒட்ட, அப்போதுதான் அழுதாள். ஆகவே மாப்பிள்ளையிடம் சொல், இனிமேல் எவ்வளவு நல்ல சேதியானாலும் கார்டில் எழுதட்டும், நாலு நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

மரம் பிழைத்துவிட்டது என்று இன்னும் சொல்லமுடியாது, கோவிந்தப்பன் ஒரு வருஷம் போகட்டும் என்கிறான். ஆனால் பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை. நேற்று காலை முதல் கிழக்குப் பக்கம் ஒரு மொட்டைக் கிளையின் நுனியில் அரிசி அளவுக்குச் சிவப்பாகத் துளிர் எட்டிப் பார்க்கிறது, நானே இரண்டு தரம் ஏறிப் பார்த்தேன், எறும்பு இல்லை, துளிர்தான். ஓவர்சியர் ஜீப்பை நிறுத்தி அதைப் பார்த்துவிட்டுப் போனார், அவர் ரோடும் கீழ்க்காட்டில் பாதி வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்குப் பூ வந்தால் கிள்ளிவிட வேண்டுமாம், வேர் பிடிக்கும்வரை காய்க்க விடக்கூடாதாம். அதை யார் கிள்ளுவது என்று இப்போதே வீட்டில் வழக்கு. நீ வந்து கிள்ளு, உன் மரம். ஆவணி பிறந்ததும் நானும் உன் அம்மாவும் புறப்படுகிறோம், மெட்ராஸ் போய் மெயில் பிடித்து வருகிறோம். அங்கே குளிர் ஆரம்பிக்கும் முன் குழந்தைக்குக் கம்பளித் துணி வாங்கச் சொல். மாமியார் சொல்வதை மறுத்துப் பேசாதே, பிடிக்காததை மட்டும் கேட்காத மாதிரி இருந்துவிடு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். பேத்தி நூறு வயது நோய் நொடியில்லாமல் இருக்கட்டும், அவள் பேரிலும் ஒரு மரம் வைக்க இந்த மேட்டில் இடம் பார்த்துவிட்டேன். ஒன்று மறக்காதே. துளிரைப் பார்த்து ஊரெல்லாம் சந்தோஷப்படுகிறது, உன் அம்மாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. மரம் துளிர்த்தது மரத்தோட நல்ல காலம், நான் வெட்டனது எனக்குத்தான தெரியும் என்கிறாள். தந்தியில் நலம் என்றுதான் இருந்தது, கையும் விரலும் எப்படி என்று இல்லையாம். நாங்கள் வந்து சேர பதினைந்து நாளுக்கு மேல் ஆகும், அதுவரை அவளால் பொறுக்கமுடியாது. ஆகையால் இந்தக் கடிதம் கண்டவுடன் குழந்தையின் கைவிரல், கால்விரல் எல்லாவற்றையும் நீயே தொட்டு எண்ணி ஒரு கார்டு போடு. வேறொன்றும் எழுதவேண்டாம், இருபது என்று மட்டும் எழுதினால் போதும். அவளுக்காகத்தான் கேட்கிறேன் என்று எழுத நினைத்தேன். இல்லையம்மா, எனக்கும்தான்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அப்பா,
மு. திம்மராயன்